புதுப்பிப்பு: 60 லிட்டர் உப்புத்தண்ணித் தொட்டி, எட்டாவது வாரம்

கொட்டிவாக்கம் கடல்தண்ணியையே தொட்டியில ஊத்தலாமான்னு முன்னாடி கேட்டிருந்தேன். எல்லாரும் திட்டினீங்க, சரிதான். கரையோரத் தண்ணியில சாக்கடையும் கலக்குது. ஆர்.ஓ. தண்ணியில லிட்டருக்கு 35 கிராம் கணக்குல மீன்தொட்டிக் கடல் உப்பு கலந்தேன். உப்பு எவ்வளவுன்னு காட்டுற அடர்த்தி அளவு (வெறும் தண்ணின்னா 1) 1.025.

முதல் அஞ்சு வாரம் மீனே இல்ல, கல்லு மட்டும்தான். கழிவைச் சிதைக்கிற பாக்டீரியா வளரட்டும்னு தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி மட்டும் போட்டேன். மீனுக்கு விஷமான அமோனியா ஏறி இறங்குச்சு, அப்புறம் அதே மாதிரி விஷமான நைட்ரைட். "கல்லுக்கா கரண்டு செலவு பண்றே?"ன்னு அம்மா கேட்டுட்டே இருந்தாங்க. ரெண்டும் பூஜ்யமானதும் கொளத்தூர் வண்ணமீன் சந்தைக்குப் போய் ஒரு ஜோடி கோமாளி மீன் வாங்கினேன்.

உண்மையான தலைவலி வெயில்தான். தண்ணி 31 டிகிரிக்குப் போச்சு. மேல சின்ன ஃபேன் வெச்சேன், 28க்கு இறங்குச்சு. ஆனா தண்ணி மளமளன்னு குறைஞ்சது. நான் என்ன பண்ணேன்? குறைஞ்ச அளவுக்கு உப்புத்தண்ணியையே ஊத்தினேன்! ஆவியாகிறது தண்ணி மட்டும்தான், உப்பு அப்படியே நிக்கும். ஒரே வாரத்துல அடர்த்தி 1.029. மீன் ரெண்டும் மூலையில ஒதுங்கின பிறகுதான் உறைச்சது. மூணு நாள் கொஞ்சம் கொஞ்சமா வெறும் ஆர்.ஓ. தண்ணி சேர்த்து இறக்கினேன். இப்ப கண்ணாடியில ஸ்கெட்ச் பேனாவால கோடு போட்டிருக்கேன். கோடு வரைக்கும் உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணி, அவ்வளவுதான்.

பவளம் வைக்கலையான்னு கேட்டவருக்கு: நம்ம கடல் பவளப்பாறை வனவிலங்குச் சட்டத்துல பாதுகாக்கப்பட்டது. செராமிக் கல்லுதான் வெச்சிருக்கேன். அதுல பழுப்புப் பாசி படர ஆரம்பிச்சிருக்கு. பாசியைத் தின்ன நத்தை விடலாமா, இன்னும் பொறுக்கலாமா?