தமிழ் வகுப்பின் பழைய கணினிகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன் தகவலை முழுதாக அழிப்பது எப்படி?

சாட்ஸ்வொர்த் டீச்சர்
எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் கோவிலை ஒட்டிய ஒரு தமிழ் வகுப்பு நடத்துகிறோம். அலுவலகக் கணினிகளில் விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அதனால் அவற்றில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, வீட்டில் கணினி இல்லாத பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று குழு முடிவு செய்திருக்கிறது.

அந்தக் கணினிகளில் சேர்க்கைப் படிவங்கள், பெற்றோரின் அடையாள அட்டை நகல்கள், நன்கொடையாளர்களின் வங்கி விவரங்கள் எல்லாம் இருந்தன. ஒரு மேசைக் கணினியைக் கடையில் ஃபார்மட் செய்து தந்தார்கள். சோதித்துப் பார்க்க ரெக்குவா என்ற கோப்பு மீட்கும் மென்பொருளை ஓட்டினால், அடையாள அட்டைப் படங்கள் வரிசையாகத் திரும்பி வருகின்றன! நம் 13 இலக்க அடையாள எண்ணின் முதல் ஆறு இலக்கமே பிறந்த தேதி. கூடவே பெயரும் முகவரியும் கிடைத்தால் அடுத்தவர் பெயரில் கடன் வாங்கப் பார்ப்பவனுக்குப் பாதி வேலை முடிந்தது.

கையில் இருப்பவை: 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் உள்ள இரண்டு மேசைக் கணினிகள் (ஒன்றில் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போடுகிறது, கணினி அதை அடையாளம் காண்பதே இல்லை), எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் டிஸ்க்) உள்ள ஒரு லேப்டாப், வாட்ஸ்அப்புக்கு வைத்திருந்த ஒரு ஆண்ட்ராய்டு போன். லேப்டாப்பில் எச்டிபார்ம் என்ற லினக்ஸ் கருவி மூலம் செக்யூர் எரேஸ் (டிஸ்க்கே தன்னை அழித்துக்கொள்ளும் கட்டளை) கொடுக்கப் போனால் 'ஃப்ரோசன்', அதாவது உறைந்திருக்கிறது, என்று காட்டி மறுக்கிறது. எதை எப்படி அழிப்பது?

பீனிக்ஸ் வன்பொருள்
டீச்சர், கடையில் செய்தது குவிக் ஃபார்மட்டாகத்தான் இருக்கும். அது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் புதிதாக்கும். புத்தகத்தில் பொருளடக்கப் பக்கத்தைக் கிழித்தால் பாடங்கள் அப்படியே இருக்குமல்லவா, அது போல. மேலே வேறு தகவல் எழுதப்படும் வரை ரெக்குவா போன்ற எதுவும் மீட்டுவிடும்.

ஓடும் ஹார்ட் டிஸ்க்குக்கு வழி எளிது. டிஸ்க்கை அழிப்பதற்கென்றே உள்ள ஷ்ரெட்ஓஎஸ்-ஐ யுஎஸ்பியில் ஏற்றி, அதில் கணினியைத் தொடங்கி, அதிலுள்ள என்வைப் என்ற அழிப்புக் கருவியில் பூஜ்ஜியத்தை ஒரு முறை எழுதவிட்டுச் சரிபார்ப்பையும் தேர்ந்தெடுங்கள். 500 ஜிபிக்கு எழுத மட்டும் ஒன்றரை மணி நேரம் போல ஆகும். 35 முறை எழுத வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது 1996-ல் அந்தக் காலத்து டிஸ்க்குகளை வைத்து எழுதப்பட்ட கணக்கு. இன்றைய டிஸ்க்குக்கு ஒரு முறை ஒழுங்காக எழுதினால் போதும் என்றுதான் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டின் 800-88 வழிகாட்டியும் சொல்கிறது.

தொடங்கும் முன் அழிக்கக் கூடாத யுஎஸ்பி, வெளி டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். தவறான டிஸ்க்கை அழித்தால் திரும்ப வராது.

இரவு நேர லினக்ஸ்
எஸ்எஸ்டி வேறு கதை அக்கா. அதன் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு, தேய்மானத்தைப் பரவலாக்க ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் எழுதும். நம் கண்ணுக்குத் தெரியாத உபரி இடமும் உண்டு. அதனால் வெளியிலிருந்து எத்தனை முறை மேலெழுதினாலும் ஏதோ ஒரு மூலையில் பழைய தகவல் தங்கலாம். செக்யூர் எரேஸ் கட்டளை கொடுத்தால் எஸ்எஸ்டியே தன்னை முழுக்க அழித்துக்கொள்ளும். நீங்கள் எடுத்த வழி சரிதான்.

'ஃப்ரோசன்' பிழை டிஸ்க்கின் கோளாறு அல்ல. வைரஸ் எதுவும் இந்தக் கட்டளையைக் கொடுத்துவிடக் கூடாது என்று பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் உள் நிரல்) தொடக்கத்திலேயே பூட்டிவிடுகிறது. லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே லேப்டாப்பைத் தூங்கவைத்து, சில நொடி கழித்து எழுப்புங்கள். பெரும்பாலும் பூட்டு விலகிவிடும்.

இன்னொன்று முக்கியம். அழிக்கும் முன் டிஸ்க்குக்கு ஒரு தற்காலிகக் கடவுச்சொல் வைக்கச் சொல்லும். அதைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் மின்சாரம் போனால் டிஸ்க் அந்தக் கடவுச்சொல்லோடு பூட்டியபடி நிற்கும், அதே சொல்லைக் கொடுத்துத்தான் மறுபடி அழிக்க முடியும். நம் ஊர் மின்வெட்டு தெரியுமே! பேட்டரி நிறைந்திருக்கும்போது செய்யுங்கள்.

சாட்ஸ்வொர்த் டீச்சர்
மிக்க நன்றி தம்பி. தூங்கவைத்து எழுப்பியதும் 'ஃப்ரோசன்' போய்விட்டது. செக்யூர் எரேஸ் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. இவ்வளவு சீக்கிரம் முடிந்தால் நம்பலாமா?

இரவு நேர லினக்ஸ்
நம்பலாம். எஸ்எஸ்டி ஒவ்வொரு எழுத்தாக எழுதி அழிப்பதில்லை, தொகுதி தொகுதியாக மின்னேற்றத்தை நீக்கிவிடும். சில மாடல்களில் தகவலைப் படிக்கத் தேவையான உள் மறையாக்கச் (என்கிரிப்ஷன்) சாவியை மட்டும் அழிக்கும். ஆனாலும் ஃபோட்டோரெக் என்ற கோப்பு மீட்கும் மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். ஒரு கோப்பும் கிடைக்கக் கூடாது.

பீனிக்ஸ் வன்பொருள்
டிக் டிக் டிஸ்க்கை மென்பொருளால் அழிக்க முடியாது. கணினிக்குத் தெரியாததால் தகவல் இல்லை என்று ஆகிவிடாது; மீட்புக் கூடங்கள் அதிலிருந்தும் எடுப்பார்கள். அதைக் கழற்றி, உள்ளே தகவல் பதிந்திருக்கும் தட்டுகளைத் துளைத்துப் போகும்படி டிரில்லால் பல இடத்தில் துளை போடுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். லேப்டாப் டிஸ்க்கானால் தட்டு பல நேரம் கண்ணாடியிலேயே செய்திருக்கும், சில்லு சில்லாகத் தெறிக்கும். எரிக்கவே வேண்டாம், அந்தப் புகை நஞ்சு.

மிச்சத்தைக் குப்பையில் போடாதீர்கள். 2021 ஆகஸ்ட் முதல் மின்னணுக் கழிவைக் குப்பைமேட்டில் கொட்ட நம் நாட்டில் தடை. மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

தயவுசெய்து நல்ல டிஸ்க்கையும் சேர்த்து உடைத்துவிடாதீர்கள். பயத்தில் பல குழுக்கள் அப்படிச் செய்வதைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை. ஒரு பிள்ளை இன்னும் நான்கைந்து வருடம் படிக்க உதவும் பொருள் அது.

கணக்குப் பிள்ளை
டீச்சரம்மா, மற்றவற்றை அழிக்கும் முன் ஒரு விஷயம். வரி சம்பந்தமான பதிவுகளை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். நன்கொடை ரசீதுகளையும் கணக்குகளையும் மறையாக்கம் செய்த வெளி டிஸ்க்கில் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். தேவை முடிந்த தனிநபர் தகவலை மீண்டும் படிக்க முடியாதபடி அழிக்க வேண்டும் என்று பொப்பியா என்ற நம் நாட்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. சிறிய வகுப்புதானே என்று விலக்கு கிடையாது. எந்தக் கணினி, டிஸ்க்கின் வரிசை எண், அழித்த முறை, தேதி, செய்தவர் கையெழுத்து, இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக் கோப்பில் வையுங்கள்.

மழைத்துளி
போனைப் பற்றி யாரும் சொல்லவில்லையே அக்கா. சிம், மெமரி கார்டு இரண்டையும் வெளியே எடுங்கள்; கார்டைத் தனியாக அழிக்க வேண்டும். செட்டிங்ஸில் என்கிரிப்ஷன் (மறையாக்கம்) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள். பிறகு கூகுள் கணக்கை நீக்கிவிட்டு ஃபேக்டரி ரீசெட் (போனை வாங்கியபோது இருந்த நிலைக்குத் திருப்புவது). கணக்கை நீக்காமல், போனை அணைத்துப் பொத்தான்களை அழுத்தி வரவைக்கும் ரெக்கவரி திரை வழியாக ரீசெட் செய்தால், வாங்கும் பிள்ளையிடம் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டுப் போன் நின்றுவிடும்.

சாட்ஸ்வொர்த் டீச்சர்
எல்லோருக்கும் நன்றி. லேப்டாப்பில் ஃபோட்டோரெக் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. கணக்குகளுக்கு இரண்டு நகல் எடுத்தாயிற்று. ஓடுகிற மேசைக் கணினியில் என்வைப் இப்போது ஓடுகிறது. டிரில் வேலைக்கு ஒரு மாணவனின் அப்பா வருகிறேன் என்றிருக்கிறார். அந்தக் கணினிக்கு வேறு டிஸ்க் தேட வேண்டும். போனில் என்கிரிப்ஷன் ஏற்கெனவே இருக்கிறது, கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைப் பழைய செயலாளரிடம் கேட்டிருக்கிறேன்.