புதுப்பிப்பு: காற்றில் பெயர்ந்த கடைக் கூரை ஷீட், ஒழுகல் நின்றது

கடையின் தகர ஷீட் ஓரம் காற்றில் பெயர்ந்து மழை உள்ளே இறங்குகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, கூரைமேல் விரித்த தார்ப்பாயின் ஓரத்தை ரீப்பர் கட்டையில் இரண்டு சுற்று சுற்றி ஸ்க்ரூ அடிக்கச் சொன்ன யோசனைதான். மணல் மூட்டை மட்டும் வைத்தபோது காற்று அடியில் புகுந்து தூக்கிவிட்டது. பாயின் மேல் ஓரம் முகட்டைத் தாண்டி மறுபக்கம் 3 அடி இறங்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் பாய்க்கு அடியிலேயே ஓடிவரும்.

எதிர்பாராதது: பெயராத ஷீட்டிலும் ஒழுகல். ஸ்க்ரூவின் ரப்பர் வாஷர் வெயிலில் வெடித்து, விரல் பட்டதும் உதிர்ந்தது. பழைய ஓட்டையில் அதே 5.5 மி.மீ. ஸ்க்ரூ சும்மா சுற்றியது. ஈபிடிஎம் (வெயில் தாங்கும் ரப்பர்) வாஷரோடு 6.3 மி.மீ. போட்டதும் இறுகியது. ஓர வரிசையில் இப்போது ஷீட் மடிப்பின் ஒவ்வொரு மேட்டிலும் ஒரு ஸ்க்ரூ. ஈர ஷீட்டில் சிலிக்கான் பூசாதீர்கள், ஒட்டாது.