ஜீரோடால் பி மாத்திரைக்கு ஜெனரிக் கிடைக்குமா?

கோவைக்காரன்:
அப்பாவுக்கு மூட்டு வலிங்க, எலும்பு டாக்டர் ஜீரோடால் பி எழுதிக் குடுத்தாரு, காலைல ஒண்ணு நைட் ஒண்ணு. அந்தச் சீட்ட வச்சே மாசாமாசம் வாங்கிட்டு இருக்கோம், பிரஷர் மாத்திரை செலவு வேற, கட்டுப்படியாகல. மெடிக்கல்ல ஜெனரிக், அதாவது அதே மருந்து பிராண்ட் பேர் இல்லாம, கேட்டா சீட்டுல இருக்கறதத்தான் தருவேங்கறாரு. வேற எங்க கிடைக்கும்?

பார்மசி செந்தில்:
அவரு சொன்னது சரிதாங்க. அது ஷெட்யூல் எச் மருந்து, அதாவது டாக்டர் சீட்டு இருந்தாத்தான் விக்கணும், சீட்டுல பிராண்ட் பேர் இருந்தா நாங்களா மாத்திக் குடுக்கக் கூடாதுன்னு ரூல்ஸே இருக்கு. டாக்டர்கிட்ட "அசிக்ளோஃபெனாக் 100, பாராசிட்டமால் 325" அப்படின்னு மருந்து பேர்லயே எழுதி வாங்குங்க. 2023ல டாக்டருங்க எல்லாரும் ஜெனரிக் பேர்லதான் எழுதணும்னு மெடிக்கல் கமிஷன் சொல்லுச்சு, அதே ஆகஸ்ட் மாசமே நிறுத்தி வச்சுட்டாங்க, அதனால நாமதான் வாயத் தொறந்து கேக்கணும்.

ரேவதி:
பிரதமர் மக்கள் மருந்தகத்துல இந்த காம்பினேஷன் இருக்கு, எங்கம்மாவுக்கு அங்கதான் வாங்கறேன், விலை ரொம்பக் கம்மி. அவங்களோட ஜன் ஔஷதி சுகம் ஆப்ல மருந்து பேர் போட்டா விலையும் பக்கத்துல எங்க கடை இருக்குன்னும் காட்டும். 2025 பிப்ரவரில தொறந்த முதல்வர் மருந்தகத்துலயும் கேட்டுப் பாருங்க. ஆனா ஸ்ட்ரிப் பின்னாடி எழுதிருக்கறத நல்லாப் படிச்சு வாங்குங்க, ஜீரோடால் எஸ்பினு வந்தா செராஷியோபெப்டிடேஸ்னு இன்னொரு மருந்தும் சேர்ந்தது, அது வேற.

தாத்தாச்சாரி:
எல்லாரும் விலையப் பத்தியே பேசறீங்க. பிரஷர் இருக்கற வயசானவருக்கு இத மாசக்கணக்குல குடுக்கச் சொல்லி டாக்டர் சொன்னாரா, இல்ல பழைய சீட்ட வச்சு ஓட்டறீங்களா? இந்த வகை வலி மாத்திரை பிரஷர ஏத்தும், வயித்தப் புண்ணாக்கும், கிட்னியையும் பாதிக்கும், ஜெனரிக்கா இருந்தாலும் அதேதான். கிட்னிக்கான ரத்த டெஸ்ட், கிரியாட்டினின், பாத்தீங்களா? கூட டோலோ போடறாரா? ரெண்டுலயும் பாராசிட்டமால்தான்.

கோவைக்காரன்:
பழைய சீட்டுதாங்க. காய்ச்சல்னா டோலோவும் போட்டுக்குவாரு.

தாத்தாச்சாரி:
அப்ப மொதல்ல டாக்டரப் பாருங்க, பிரஷர் மாத்திரை அட்டையையும் எடுத்துட்டுப் போங்க.