மறு: 'செங்குத்து விசை'க்கு மாற்றுச் சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு பரப்பு தன்னைத் தொடும் பொருளைச் செங்கோணத்தில் தள்ளும் விசையைத்தான் (normal force) 'செங்குத்து விசை' என்கிறோம். அதற்கு மாற்றாக இங்கே முன்மொழியப்பட்ட 'தாங்குவிசை' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புத்தகத்தைச் சுவரோடு சேர்த்துக் கையால் அழுத்திப் பிடிக்கும் கணக்கு ஒன்று வருமே, அங்கே சுவர் கிடைமட்டமாகத் தள்ளுகிறது. விழாமல் தாங்குவது உராய்வு. பெயர் தப்பான விசையைக் காட்டிவிடும்.

'செங்குத்து விசை'யே போதும் என்பவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். 30° சாய்தளத்தில் 2 கிலோ கட்டை, உராய்வு இல்லை. மாணவர் எடைக்குக் கீழ்நோக்கி 19.6 நியூட்டன் அம்பு போடுகிறார். அப்புறம் செங்குத்துதானே என்று நேர் மேலே இன்னொரு அம்பு, அதுவும் 19.6. இரண்டும் கழிந்துபோய்க் கட்டை நகரவே நகராது! உண்மையில் அந்த அம்பு சாய்தளப் பரப்புக்குச் செங்கோணத்தில் சாய்ந்து நிற்க வேண்டும். அளவு ஏறத்தாழ 17 நியூட்டன்தான். கட்டை 4.9 மீ/வி² முடுக்கத்தோடு சறுக்கி இறங்கும். வழக்கில் செங்குத்து என்றால் நேர் மேல்கீழ் என்றும் பொருள் இருப்பதால் வரும் வினை இது. மாணவரைக் குறை சொல்லவே முடியாது.

இலங்கைப் பாடநூல்களில் உள்ள 'செவ்வன் மறுதாக்கம்' இந்தக் குழப்பத்தைத் தீர்க்கிறது. பரப்புக்குச் செங்கோணத்தில் என்று பொருள்படும் செவ்வன் அருமையான சொல். மறுதாக்கம்தான் இடிக்கிறது: எடைக்கு மறுதாக்கம் என்று நினைக்க வைக்கும். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி எடைக்கு இணையாக வரும் சம அளவான எதிர்விசை பூமியின் மேல் அல்லவா செயல்படுகிறது? 60 கிலோ ஆள் நிற்கும் லிப்ட் 2 மீ/வி² முடுக்கத்தோடு கீழே இறங்கினால் எடை 588 நியூட்டன், தரை தரும் விசை 468 மட்டுமே. இணை விசைகள் இப்படி வேறுபடாது.

அதனால் என் பரிந்துரை 'செவ்வன் தள்ளுவிசை'. பசை இல்லாத பரப்பால் தள்ளத்தான் முடியும், இழுக்க முடியாது. விடையில் எதிர்க்குறி வந்தால், பொருள் பரப்பை விட்டு விலகிவிட்டது என்று பெயரை வைத்தே மாணவர் கண்டுபிடிக்கலாம். செங்குத்து வளையத்தின் உட்புறமாக ஓடும் வண்டி உச்சியில் விழாமலிருக்கக் குறைந்தபட்ச வேகம் கேட்பார்களே, அதற்கும் இந்த விசையைச் சுழி ஆக்கினால் விடை வந்துவிடும்.

கயிற்றுக்கு ஏற்கெனவே 'இழுவிசை' என்கிறோம். கயிறு இழுக்க மட்டும், பரப்பு தள்ள மட்டும். இரண்டு சொற்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் விசைப்படம் வரையும்போது அம்பின் திசை தானாக வரும் என்று நம்புகிறேன். மறுப்பு இருந்தால் ஒரு கணக்கோடு எழுதுங்கள்.