பணம் போகலைன்னு விளம்பரக் கணக்கை நிறுத்திட்டாங்க, மச்சான் கார்டைப் போடலாமா?

முந்திரிக்கொட்டை (பண்ருட்டி):

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்குத் தாத்தா காலத்துலேர்ந்து முந்திரி வியாபாரம். உடைக்கிறது பண்ருட்டியில. ஆன்லைன் விற்பனையை நான் பார்த்துக்கிறேன், அதுக்குப் பேக்கிங் கன்னியக்கோவில்ல.

தீபாவளி கிஃப்ட் பாக்ஸுக்காக விளம்பர பட்ஜெட்டை ரெண்டு மடங்குக்கு மேல ஏத்தி விட்டிருந்தேன். நல்லாவே ஓடிச்சு, சென்னை, பெங்களூருன்னு ஆர்டர் வந்துக்கிட்டே இருந்துச்சு. நேத்து காலையில பார்த்தா எல்லா விளம்பரமும் நின்னு கிடக்கு. மேலே சிவப்புப் பட்டையில, பணம் செலுத்தப்படவில்லை, கணக்கு நிறுத்தப்பட்டதுன்னு வருது. நிலுவை ரூ.17,300.

கார்டுல லிமிட் தாராளமா இருக்கு. அன்னைக்கு சாயங்காலம் அதே கார்டுலதான் முள்ளோடையில பெட்ரோல் போட்டேன். பேங்க்ல கேட்டா "எங்க பக்கம் ஒண்ணும் இல்ல சார், அவங்களைக் கேளுங்க"ங்கறாங்க. விளம்பரம் போடுற கம்பெனிக்கு மெயில் போட்டா "உங்க வங்கியைக் கேளுங்க"ன்னு பதில். இதுவரைக்கும் ரூ.6,000, ரூ.8,000, ஒரு தடவை ரூ.12,000கூடத் தானா எடுத்துக்கிட்டாங்க, பிரச்சினையே வந்ததில்ல.

மச்சான் கார்டை உள்ளே போட்டுக் கட்டலாமா? இல்ல வேற ஜிமெயில்ல புதுசா ஒரு கணக்கு ஆரம்பிச்சுடலாமா? தீபாவளிக்கு முன்னாடி ஓடியாகணும்.

ராக்பீச் ராஜா:

புதுக் கணக்கு தொடங்குங்க ப்ரோ. வில்லியனூர்ல ஒரு கடைக்கு அப்படித்தான் பண்ணிக் கொடுத்தேன், இன்னும் ஓடுது. மெயில் அனுப்பிட்டு உக்காந்திருந்தா பொங்கல் வந்துடும்.

லாஸ்பேட்டை அக்கா:

தம்பி, புதுக் கணக்கு வேண்டவே வேண்டாம். ராஜா, கோவிச்சுக்காதீங்க, வில்லியனூர் கடை தப்பிச்சது அதிர்ஷ்டம். நீங்க எந்தத் தளம்னு சொல்லலை, அதனால பொதுவா சொல்றேன். கூகுள் ஆட்ஸ் விதிப்படி, ஒரு கணக்கை நிறுத்தினதுக்கு அப்புறம் அதைச் சுத்திக்கிட்டு இன்னொண்ணு திறந்தா, அது தனியா ஒரு மீறல். புதுசும் போகும். நிலுவைங்கறது கட்டினா தீர்ந்துடும். இது அப்படித் தீராது.

நான் இங்க சில விருந்தினர் விடுதி, ஜவுளிக்கடைகளோட விளம்பரக் கணக்கைப் பார்த்துக்கிறேன். அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா டேலியில (கடைக் கணக்கு எழுதுற சாஃப்ட்வேர்) என்ட்ரி போட்டவ. அதனால விளம்பரம் அழகா இருக்கான்னு பார்க்கிறதுக்கு முன்னாடி பில் பக்கம்தான் கண்ணு போகும். உங்க பதிவுலயே விடை இருக்கு பாருங்க. பன்னிரண்டாயிரம் போச்சு, பதினேழாயிரம் போகலை. நடுவுல என்ன இருக்கு? பதினஞ்சாயிரம்.

கார்டைப் பதிஞ்சு வச்சுத் திரும்பத் திரும்பத் தானா எடுக்கிற பணத்துக்கு ரிசர்வ் வங்கி விதி இருக்கு. 2021 அக்டோபர் 1-லேர்ந்து கறாரா அமல். முதல் தடவை ஓடிபி போட்டுப் பதியணும். ஒவ்வொரு தடவை எடுக்கிறதுக்கும் குறைஞ்சது 24 மணி நேரம் முன்னாடி உங்களுக்குத் தகவல் வரணும். வரம்புக்கு மேல போனா ஒவ்வொரு தடவையும் ஓடிபி வேணும். அமலுக்கு வந்தப்போ வரம்பு ரூ.5,000 இருந்துச்சு, 2022 ஜூன்ல ரூ.15,000 ஆச்சு. 2023 டிசம்பர்ல ஒரு லட்சமா ஏத்தினது இன்ஷூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்ட், கிரெடிட் கார்டு பில்லுக்குத்தான். விளம்பரத்துக்கு இல்ல.

விளம்பரக் கணக்குல பில் எப்படி வரும்? முதல்ல ஓட விட்டு அப்புறம் எடுப்பாங்க. செலவு ஒரு அளவைத் தொட்டதும், இல்லைன்னா மாசம் முடிஞ்சதும், எது முன்னாடி வருதோ அப்போ. நீங்க ஒழுங்கா கட்டக் கட்ட அந்த அளவைத் தளமே ஏத்திக்கிட்டுப் போகும். அதாவது நல்லா கட்டுறவருக்குத்தான் ஒருநாள் பதினஞ்சாயிரத்தைத் தாண்டும், தாண்டின அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு ஓடிபி போட யாரும் முழிச்சிருக்க மாட்டாங்க. நீங்க தீபாவளிக்காக பட்ஜெட்டை ஏத்தினதும் அந்த நாள் சீக்கிரம் வந்துடுச்சு. என்னைக் கேட்டா, மாசாமாசம் ஒரே தொகை போற சந்தாவை மனசுல வச்சுப் போட்ட விதி இது. எப்போ எவ்வளவுன்னே தெரியாத விளம்பர பில்லுக்குப் பொருந்தவே பொருந்தாது.

பேங்க்ல "லிமிட் இருக்கா"ன்னு கேட்டா இருக்குன்னுதான் சொல்வாங்க. "இந்தத் தேதியில இந்தத் தொகைக்கு வந்த கோரிக்கையை எந்தக் காரணத்துக்காகத் திருப்பினீங்க"ன்னு கேளுங்க, பதில் மாறும். கையோட ஆப்ல அந்தக் கார்டுக்கு ஆன்லைன் உபயோகம் திறந்திருக்கா, அதுக்குன்னு தனி உச்சவரம்பு வச்சிருக்கீங்களான்னும் பாருங்க. 2020 மார்ச்சுக்கு அப்புறம் புதுசா வர்ற கார்டுல ஏடிஎம்மும் கடை மெஷினும் மட்டும்தான் திறந்திருக்கும், ஆன்லைனை நாமதான் திறக்கணும். பெட்ரோல் போட முடிஞ்சதுங்கறது இதுக்குச் சாட்சி ஆகாது.

இப்போ முக்கியமானது. பணத்தால வர்ற நிறுத்தம் ரெண்டு வகை, ரெண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். ஒண்ணு உங்களது, வெறும் நிலுவை. முழுசாக் கட்டினா பெரும்பாலும் தானாத் திறந்துக்கும். இன்னொண்ணு "சந்தேகத்துக்குரிய பணப் பரிவர்த்தனை"ன்னு வரும். அதுல கார்டு மாத்தி கார்டு போட்டா சந்தேகம் இன்னும் கூடும். கையைக் கட்டிக்கிட்டு, அடையாள ஆவணத்தைத் தயாரா வச்சுக்கிட்டு, மேல்முறையீட்டுப் படிவத்தை ஒரே ஒரு தடவை நிதானமா நிரப்பி அனுப்பிட்டுக் காத்திருக்கணும். முதல் வகையில இருக்கிற ஆளு பதறிப் போய் ஊர்ல இருக்கிற கார்டையெல்லாம் போட்டு ரெண்டாவது வகைக்குப் போயிடுறதுதான் நான் அதிகம் பார்க்கிறது.

அதனால மச்சான் கார்டு வேண்டாம். நேரு வீதியில ஒரு ஜவுளிக்கடையில சென்னையில இருக்கிற மருமகன் கார்டைப் போட்டிருந்தாங்க. அவர் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துட்டு "இது நான் வாங்கினது இல்லை"ன்னு வங்கியில புகார் கொடுத்துட்டார், பணமும் அவருக்குத் திரும்பி வந்துடுச்சு. தளத்தோட கண்ணுக்கு அது விளம்பரம் போட்டுட்டுப் பணத்தைப் பிடுங்கிக்கிட்ட கதை. கணக்கு நின்னுச்சு, ஆடித் தள்ளுபடி முழுக்க விளம்பரம் இல்லாமலே போச்சு. மாமனார் மருமகன் பேச்சுவார்த்தையும் கொஞ்ச நாள் நின்னுதுன்னு கேள்வி.

இன்னைக்கு நீங்க செய்ய வேண்டியது: கணக்குக்குள்ளே போய் "இப்போதே செலுத்து"ன்னு நீங்களே அழுத்தி முழு ரூ.17,300-ஐயும் கட்டுங்க. பாதி கட்டி வைக்காதீங்க. யுபிஐயோ நெட் பேங்கிங்கோ காட்டினா அதுல. காட்டலைன்னா அதே கார்டுலயே கட்டலாம், இந்தத் தடவை ஓடிபி வரும், அதனால பதினஞ்சாயிரம் தடை குறுக்கே வராது.

அதுக்கப்புறம் முன்பணம் கட்டுற முறைக்கு மாறுங்க. போன் ரீசார்ஜ் மாதிரிதான். தீர்ந்தா விளம்பரம் நிக்கும், கணக்கு நிக்காது. திரும்பப் போட்டா ஓடும். மாத்துற வசதி உங்க கணக்குல தெரியலைன்னா உதவிப் பிரிவுல கேளுங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, 18 சதவீத ஜிஎஸ்டி நீங்க போடுற பணத்துலேர்ந்துதான் போகும். ரூ.11,800 போட்டா விளம்பரத்துக்கு ரூ.10,000. மெட்டாவுலயும் (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்) இந்த முன்பண வழி இருக்கு. பழைய முறையிலயே இருக்கப் போறீங்கன்னா, அளவைத் தொடுறதுக்கு முன்னாடியே நீங்களா அப்பப்போ கொஞ்சம் கட்டிடுங்க. உங்க சொந்தப் பேர்ல இன்னொரு கார்டை மாற்று ஏற்பாடா இப்பவே சேர்த்து வைங்க, நின்ன பிறகு இல்ல.

ராக்பீச் ராஜா:

சரிக்கா, கோவம் எல்லாம் இல்ல. ஆனா முன்பணம்னா சனிக்கிழமை ராத்திரி தீர்ந்து போய் ஞாயித்துக்கிழமை முழுக்க விளம்பரம் நிக்குமே? இங்க விடுதிக்காரங்களுக்கு அந்த ரெண்டு நாள்தானே வருமானம்.

லாஸ்பேட்டை அக்கா:

நிக்கும், ராஜா. அதனால வெள்ளிக்கிழமை மதியமே போட்டுடுவேன். கூகுள்ல ஒரு நாளைக்கு நீங்க வச்ச பட்ஜெட்டைப் போல ரெண்டு மடங்கு வரைக்கும் செலவாகலாம், மாசக் கணக்குலதான் சரிக்கட்டுவாங்க. ரெண்டு நாளுக்கு நாலு நாள் பணம் வச்சா பயம் இல்ல.

முந்திரிக்கொட்டை (பண்ருட்டி):

அக்கா, கோடி புண்ணியம். அதே கார்டு, ஓடிபி போட்டேன், போயிடுச்சு! நிலுவை பூஜ்யம்னு காட்டுது, விளம்பரங்கள் ஒண்ணொண்ணா எழுந்துக்குது. பேங்க்ல நீங்க சொன்ன மாதிரியே கேட்டேன், ரெண்டு நிமிஷம் காத்திருக்கச் சொல்லிட்டு "ஆமா சார், தானியங்கி வரம்புக்கு மேல"ன்னாங்க.

இன்னொரு சந்தேகம். கணக்குல கடைப் பேர் இருக்கு, ஜிஎஸ்டி அப்பா பேர்ல. அதுவும் ரெண்டு எண், பண்ருட்டிக்கு 33-ல (தமிழ்நாடு) ஆரம்பிக்கிறது ஒண்ணு, கன்னியக்கோவிலுக்கு 34-ல (புதுச்சேரி) ஆரம்பிக்கிறது ஒண்ணு. எதையுமே இதுவரைக்கும் விளம்பரக் கணக்குல போடலை.

மஞ்சக்குப்பம் கணக்குப்பிள்ளை:

ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கேன், இதுக்கு நான் சொல்றேன் தம்பி. ஆன்லைன் விற்பனைக்கு எந்த எண்ணுல பில் போடுறீங்களோ அதையே போடுங்க. உங்களுக்கு 34. தமிழ்நாட்டு எண்ணுல வந்த வரி வரவை (வாங்கும்போது கட்டின ஜிஎஸ்டியை) புதுச்சேரி எண்ணுல கழிக்க முடியாது, சட்டத்துக்கு ரெண்டும் வேற வேற ஆள் மாதிரி, அப்பா ஒருத்தரே ஆனாலும். எண் போடாம விட்டா அந்த 18 சதவீதம் 2பி-யில (கழிச்சுக்கக்கூடிய வரியைக் காட்டுற ஜிஎஸ்டி பட்டியல்) வராது, செலவோட செலவா போயிடும். இனி வர்ற பில்லுக்காவது போடுங்க. பழைய பில்லைத் திருத்தித் தருவாங்கன்னு நம்பி உக்காராதீங்க.

பேர் விஷயம் இன்னும் முக்கியம். விளம்பரதாரர் சரிபார்ப்புன்னு ஒண்ணு கேட்பாங்க, அப்போ விளம்பரக் கணக்கோட பில் பக்கத்துல இருக்கிற பேரும் ஆவணத்துல இருக்கிற பேரும் ஒத்துப் போகணும். ஜிஎஸ்டி சான்றிதழ்ல அப்பா பேரும் கடைப் பேரும் தனித்தனியா இருக்கும், அதுல சட்டப்பூர்வ பேர்னு போட்டிருக்கிறதை எழுத்து மாறாம போடுங்க, இனிஷியல் உட்பட. முகவரியும் கன்னியக்கோவில் முகவரிதான், பண்ருட்டி இல்ல.

முந்திரிக்கொட்டை (பண்ருட்டி):

சரிங்க சார், இன்னைக்கே மாத்திடுறேன். இங்க பதிவு போட்டதைப் பார்த்துட்டு ஒருத்தர் தனிச்செய்தியில வந்து "ஏஜென்சி கணக்கு வாடகைக்குத் தர்றேன், எப்பவுமே நிக்காது"ங்கறார். டெலிகிராம் லிங்க் அனுப்பியிருக்கார்.

லாஸ்பேட்டை அக்கா:

தொடாதீங்க. அது யாரோட கணக்குன்னு உங்களுக்குத் தெரியாது, அது நின்னா நீங்க போட்ட முன்பணத்தை யார்கிட்டப் போய்க் கேட்பீங்க? "விளம்பரப் பணம் போகலை, இங்க அழுத்துங்க"ன்னு எஸ்எம்எஸ் வந்தாலும் இதே பதில்தான். ப்ரவுசர்ல நீங்களே முகவரி அடிச்சு உள்ளே போங்க, நிஜமா நிலுவை இருந்தா அங்கேயே தெரியும். அந்தச் செய்தியை நிர்வாகிக்கு அனுப்பி விடுங்க. தினச் செலவு எவ்வளவு வச்சிருக்கீங்கன்னு சொல்லுங்க, தீபாவளி வரைக்கும் எப்போ எவ்வளவு போடலாம்னு ஒரு கணக்கு போட்டுத் தர்றேன்.