நூறு வருஷம் ஒரே இடத்துல நிக்கற மரம் க்ளைமேட் மாறினா எப்படி தாக்குப்பிடிக்கும்?

கேள்வி:
பூச்சிக்கெல்லாம் தலைமுறை சீக்கிரம் மாறுது, பரிணாமமும் வேகமா நடக்குது, புரியுது. ஆனா ஒரு ஓக் மரம் நூறு வருஷத்துக்கு மேல நிக்குது, அதுக்குள்ள வெப்பநிலையே மாறிடுதே, அப்போ ஜீன்ல எப்படி மாற்றம் வரும்?

பதில் 1:
புதுசா மாற்றம் வரணும்னு அவசியமே இல்லங்க, தேவையான வேறுபாடு பெரும்பாலும் காட்டுக்குள்ளயே இருக்கு. மகரந்தம் காத்துல ரொம்ப தூரம் போறதால பக்கத்து பக்கத்து மரத்துக்கே ஜீன் நிறைய வித்தியாசப்படும், ஒரு மரம் போடுற ஆயிரக்கணக்கான விதைல பெரும்பாலானது நாத்தா இருக்கும்போதே செத்துடும், தாங்கறது மட்டும்தான் வளரும், தேர்வு அதிகமா நடக்கறதே அந்த ஸ்டேஜ்லதான். ஐரோப்பால ஆஷ் மரங்களை பூஞ்சை நோய் அழிச்சப்பவும் கொஞ்சமே கொஞ்சம் மரம் தாங்கி நின்னுச்சு, அந்த தன்மை அடுத்த தலைமுறைக்கும் போகுது.

பதில் 2:
நார்வே ஸ்ப்ரூஸ்ங்கற ஊசியிலை மரத்தையும் பாருங்க, செம ஆச்சரியம். விதை உருவாகும்போது சூடு கூடுதலா இருந்தா, அதுலேர்ந்து வர்ற நாத்து குளிர்காலத்துக்காக வளர்ச்சியை நிறுத்தி மொட்டு மூடுறதை தள்ளிப்போடும். டிஎன்ஏ எழுத்து மாறல, எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்யணும்ங்கறது மட்டும் மாறுது, இதைத்தான் எபிஜெனடிக் நினைவுன்னு சொல்றாங்க.

பதில் 3:
ஆனா வேகம் பத்தாதுங்கறதுதான் என் பயம். கனடால பிரிட்டிஷ் கொலம்பியால 1974ல லாட்ஜ்போல் பைன் விதையை 140 இடத்துலேர்ந்து எடுத்து 60 இடத்துல நட்டு பாத்தாங்க, ஒவ்வொரு இடத்து விதைக்கும் ஒரு வெப்பநிலை வரம்பு, தாண்டினா வளர்ச்சி குறையுது. இப்ப அங்க நடவுக்கு விதை தேர்ந்தெடுக்கும்போதே வருங்கால க்ளைமேட்டையும் பாக்கறாங்க.

கேட்டவர்:
அப்போ சூடான இடத்து விதையவே நட்டா போதுமா?

பதில் 3:
ரொம்ப தூரத்துலேர்ந்து கொண்டு வந்தா முதல் உறைபனிலயே நாத்து கருகிடும்ங்க, கொஞ்சம் கொஞ்சமாதான் நகர்த்தணும், உள்ளூர் விதையோட கலந்து.