நடைபாதை, சைக்கிள் விதிகள்: மனுவை எங்கே கொடுப்பது, என்ன எழுதுவது?

ஈரோடு சைக்கிள்:
கோவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில் 2025 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 138(1ஏ) (நடப்பவர், சைக்கிள் நடமாட்டம்), 210டி (சாலை வடிவமைப்பு, பராமரிப்புத் தரம்) பிரிவுகளின் கீழ் மாநிலங்கள் ஆறு மாதத்துக்குள் விதி வகுக்கணும் என்று. பொதுமக்கள் தரப்பில் இதற்கு மனுவை மாநகராட்சியில் கொடுத்தால் போதுமா?

வக்கீல் மதுரை:
போதாது. விதி வகுக்கிற அதிகாரம் மாநில அரசுக்குத்தான். மனு உள்துறைச் செயலாளருக்கும் போக்குவரத்து ஆணையருக்கும் போகணும், போய்ச் சேர்ந்ததற்கான சான்றோட ஸ்பீடு போஸ்டில். கூடவே ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடுங்க, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி. "ஏன் இன்னும் வகுக்கவில்லை?" என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று தள்ளிடுவாங்க. "138(1ஏ) தொடர்பான கோப்பின் குறிப்புப் பக்கங்கள், வரைவின் நகல்" என்று கேளுங்க. 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

முக்கியமானது அதே சட்டத்தின் பிரிவு 212. வரைவை முன்கூட்டியே வெளியிடாமல் விதி செல்லாது. வரைவு வெளியானதும், அதில் குறித்திருக்கிற கெடுவுக்குள் ஆட்சேபணை போய்ச் சேரணும். இறுதி விதி சட்டமன்றத்தில் வைக்கப்படும்; உங்க எம்எல்ஏவிடம் நகல் இருந்தால்தான் அவர் எழுந்து கேட்பார்.

தெருவோரம்:
ஒரு எச்சரிக்கை. 138(1ஏ) நடப்பவர், சைக்கிள்காரர்களின் நடமாட்டத்தை "ஒழுங்குபடுத்த" என்றுதான் சொல்கிறது. உரிமை என்ற சொல்லே அதில் கிடையாது. சும்மா "விதி வேண்டும்" என்று கேட்டால், மேம்பாலத்தில் சைக்கிளுக்குத் தடை என்றுகூட விதி வந்து நிற்கலாம். "மாற்றுப் பாதை அமைக்காமல் எந்தச் சாலையிலும் தடை கூடாது" என்ற வரியை நீங்களே எழுதிக் கொடுங்க. தள்ளுவண்டிக்காரர்களை விரட்ட இதைப் பயன்படுத்தாமலிருக்க, 2014 தெரு வியாபாரிகள் சட்டத்தைக் குறிப்பிட்டு ஒரு வரி சேருங்க.

சாலைப் பொறியாளர்:
அளவு இல்லாத கோரிக்கை நிற்காது. 210டி-யில் ஐஆர்சி 103 (இந்தியச் சாலைக் காங்கிரசின் நடைபாதை வழிகாட்டி) அளவுகளைக் கட்டாயமாக்கச் சொல்லுங்க: தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், வணிகப் பகுதியில் 2.5, விளிம்புக்கல் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஆதாரமாக ஒரே தெருவை டேப் வைத்து அளங்க. விளிம்புக்கல்லிலிருந்து சுவர் வரை அளந்தால் 2 மீட்டர் காட்டும். மின்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் 70 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். அந்த இடுக்கில், டேப் எண் தெரியுற மாதிரி படம் எடுங்க. 210டி தேசிய நெடுஞ்சாலைக்குப் பொருந்தாது, அதனால் மாநகராட்சித் தெருவையோ மாநில நெடுஞ்சாலையையோ தேர்ந்தெடுங்க.

ஈரோடு சைக்கிள்:
நன்றி. ஆர்டிஐ முதலில் போகுது, அளவெடுப்பு இந்த ஞாயிறு.